பின்பாதி

மனை என்றால் ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வருவதாக இருக்க வேண்டும் என்பது மெய்யநாதன் செட்டியாரின் எண்ணம். நேமத்தான்பட்டியில் அவர் பிறந்த வீடு அப்படித்தான் இருந்தது. கீழத் தெருவில் முகப்பு. வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கதவைத் திறந்தால் மேலத் தெரு. அந்த வீட்டில் பங்காளிகள் எல்லாரும் தனித்தனியாக அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். அதில் அவருக்கென்று இருந்தது மழைக்கு ஒழுகும் ஓர் உள்ளறையும் அடுப்படியில் ஒரு மூலையும்தான். அதனால் அவருடைய ஆசை குறைந்துவிடவில்லை.

பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். மனைவி தேனம்மையின் சீதனப் பணம் மட்டும் தேவகோட்டையில் அவள் தாய்மாமன் கடையில் வட்டிக்குக் கிடந்தது. பிறந்த வீட்டில் பெண்ணுக்குக் கொடுத்ததை அவள் சொல் இல்லாமல் புருஷன் தொடுவதில்லை. பர்மாவில் கடை மூழ்கியபோதுகூட மெய்யநாதன் அதைக் கேட்கவில்லை. அது மகள் மீனாளின் கல்யாணத்துக்கு என்பது பேசாமலே முடிவானது.

அறுபத்தொன்பது ஆவணியில் தாய்மாமன் கடையைச் சுருக்கப்போவதாகத் தகவல் வந்தது. பணத்தை எடுத்தாக வேண்டும். எடுத்து எங்கே வைப்பது என்பதுதான் அந்த மாதம் முழுக்க அடுப்படிப் பேச்சு.

“பேங்குல போட்டு வைங்களேன்,” என்றாள் ஓரகத்தி நாகம்மை, வெள்ளைப் பணியாரத்துக்கு மாவை எண்ணெயில் ஊற்றிக்கொண்டே.

“பேங்கை எல்லாம் போன மாசம் கவர்மெண்டு எடுத்துக்கிருச்சு. பேப்பர் பாக்கலையா நீங்க?” என்றார் மெய்யநாதன். “பர்மாவுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சாக.”

“அப்பத் தங்கமா வாங்கிப்புடுங்க.”

“தங்கத்துக்கும் சட்டம் வந்துருச்சு. கட்டியா வச்சிருந்தா எங்கேருந்து வந்துச்சும்பான்.”

நாகம்மையின் புருஷன் அழகுசுந்தரம் பணியாரத்துக்காகத் தட்டோடு வந்து நின்றவர், “மண்ணுல போடு தம்பி. மண்ணை எவனும் தூக்கிட்டுப் போக முடியாது,” என்றார்.

தேனம்மை அம்மியில் மிளகாய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமலே சொன்னாள்.

“பர்மாவுல நமக்கு மண்ணு இல்லையாக்கும்? கண்ணுக்கு எட்டுற மட்டும் நெல்லு வெளையிற மண்ணு. பத்திரமும் பத்திரமாத்தான் இருந்துச்சு. மண்ணை யாரும் தூக்கிட்டுப் போகலை மச்சான். அது அங்கனயேதான் கெடக்கு. நம்மளைத்தான் தூக்கி இங்குட்டுப் போட்டாக.”

நாகம்மை பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள்.

“இது நம்ம நாடு தேனா,” என்றார் மெய்யநாதன்.

“நம்ம நாடுங்கறதுனாலதான் பயமா இருக்கு. இங்கேருந்து ஓடி வரணும்னா எங்கிட்டு வர்றது?”

ஆனாலும் அவள் மனம் நிலத்தின் பக்கம்தான் சாய்ந்தது. கடையில் போட்ட பணம் கடைக்காரனின் உடம்பைப் பொறுத்தது. அவனுக்கு நெஞ்சு வலித்தால் இவளுக்கும் வலிக்க வேண்டும். நிலத்துக்கு நெஞ்சு வலி வராது.

தரகர் முத்துராமன் செட்டியார்களுக்கு மனை காட்டியே பழகியவர். காரைக்குடிக்கு மேற்கே, ஊர் முடிந்து செம்மண் பொட்டல் தொடங்கும் இடத்தில் உடையப்பன் அம்பலம் என்ற விவசாயியின் புஞ்சை விலைக்கு வந்திருந்தது. முத்துராமன் அவர்களை அதன் நடுவில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. ரோட்டோரத்தில் இறக்கி, மனையின் நீளம் முழுக்க நடக்கவிட்டுப் பின்பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் விட்டார்.

“இங்கன நின்னு திரும்பிப் பாருங்க செட்டியாரே. முன்வாசல் மெயின் ரோட்டுல. பின்வாசல் இந்தத் தெருவுல. காலேஜு வந்துருச்சு, ஆராய்ச்சிக் கூடம் வந்துருச்சு. ஊரு இங்குட்டுத்தான் நகந்து வருது. இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்த மாதிரி ரெண்டு தெரு மனை நீங்க ஆசைப்பட்டாலும் கெடைக்காது.”

மெய்யநாதன் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எருக்கஞ்செடியும் நெருஞ்சியும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் கண்ணுக்கு முகப்பும் வளவும் தெரிந்திருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்திருந்தது.

தேனம்மைக்கு வேறு கணக்கு. ரோட்டுப் பக்கம் இப்போதைக்குச் சின்னதாக இரண்டு அறை போட்டுக்கொள்ளலாம். பின்பாதிக்குத் தனித் தெரு இருக்கிறது. மீனாளுக்கு இடம் குதிரும்போது முன்வீட்டைத் தொடாமல் பின்பாதியை மட்டும் விற்றுவிடலாம். பணம் நிலமாக இருக்கும். வேண்டும்போது கல்யாணமாக மாறும்.

விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்தார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். அம்பலத்தின் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடச் சம்மதமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பக்கத்தில் சுடுகாடு உண்டா என்றுகூடக் கேட்டாயிற்று. தேனம்மையின் பேரில் பத்திரம் பதிவான அன்று, பதிவு ஆபீஸ் வேப்பமரத்தடியில் உடையப்பன் அம்பலம் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

“செட்டியாரே, பின்னுக்குக் கொஞ்சம் சரிவா இருக்கும். சுவரு வைக்கிறப்ப அங்கன கொஞ்சம் வழி விட்டு வைங்க.”

“ஆகட்டும், பாப்போம்,” என்றார் மெய்யநாதன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிரித்தார். “பாத்தியா தேனா? பணமும் வேணும், வண்டிப் பாதையும் வேணுமாம்.”

தேனம்மையும் அப்படித்தான் நினைத்தாள். தலைமுறை தலைமுறையாகக் கடன் கொடுத்து வாங்கிய குடும்பத்துக் காது அது. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் தள்ளுபடி கேட்பதாகத்தான் அதற்குக் கேட்கும்.

சுவர்தான் முதலில் எழும்பியது. செம்புறாங்கல்லை வெட்டுக்குழியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து, ரோட்டிலிருந்து சந்து வரை இரு பக்கமும் நெடுக வைத்தார்கள். இவ்வளவு நீளச் சுவருக்கு ஆன கல்லில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம் என்று கொத்தனார் முனகினார். மெய்யநாதன் லீவு நாளில் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு போவார், சுவரோடு வருவார். எழுபது தையில் முன்பக்கம் இரண்டு அறையும் தாழ்வாரமாக ஒரு சார்ப்பும் போட்டுக் குடி வந்தார்கள். பின்வாசலுக்கு நிலைக்கதவு வைக்கப் பணமில்லாமல் முள்ளை வெட்டி அடைத்து வைத்தார்கள்.

மழை தவறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாயில் வைத்தால் உப்பு. துவரம்பருப்பைப் போட்டால் பொழுது சாயும் மட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் அந்தப் பக்கத்துக்கே ஊருணித் தண்ணீர்தான். ஊருணி அவர்கள் மனையின் பின்பாதிக்கு வடக்கே இருந்தது. வற்றிய ஊருணியின் நடுவில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைப் பெண்கள் சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புவார்கள்.

தேனம்மைக்கு முட்டியில் வாதம். குழிக்குள் இறங்க முடியாது. வந்த மறுவாரமே உடையப்பனின் மனைவி பொன்னுத்தாயி ஒரு குடத்தைக் கொண்டுவந்து சார்ப்பில் இறக்கினாள்.

“பருப்பு வேகலைன்னு உங்க மக சொல்லுச்சு. இதுல போட்டுப் பாருங்க ஆச்சி.”

“உனக்கு எதுக்கு பொன்னுத்தாயி செரமம்?”

“செரமந்தான். அதுக்குன்னு வேகாத பருப்பைத் தின்னுட்டு நீங்க வகுத்து வலின்னு கெடந்தா, அந்தப் பாவம் நெலத்தை வித்த எங்க மேலதான வரும்?”

அதிலிருந்து தினம் ஒரு குடம். தேனம்மை குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கமாட்டாள். வெண்டைக்காய் மண்டியோ, சீப்புச் சீடையோ கிண்ணத்தில் கூடப் போகும்.

“அரிசி கழுவுன தண்ணியில கொழம்பு வச்சு இம்புட்டு ருசியா? நாங்க அதை மாட்டுக்குல்ல ஊத்துறோம்.”

“மாடு குடுத்து வச்சது.”

“எங்க வீட்டு மனுசனைச் சொல்றீகளா, மாட்டைச் சொல்றீகளா?”

பொன்னுத்தாயி சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். தேனம்மை பர்மாவிலிருந்து வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சார்ப்பில்தான் என்று மீனாள் பிற்பாடு சொல்வதுண்டு.

எழுபத்தொன்று ஐப்பசியில் மழை பிடித்தது. தூறலாகத் தொடங்கி, விட்டு, பிறகு விடாமல் பெய்தது. தெற்கே பொட்டல் முழுக்கச் செந்தண்ணீர் பரந்து வந்தது. அது வாய்க்காலாக ஓடிய தண்ணீர் இல்லை. பொட்டலின் சரிவே அதற்கு வழி. ஊருணிக்கு வரத்து அதுதான். வரைபடத்தில் கோடாக இல்லாததால் வில்லங்கச் சான்றில் அது வரவில்லை. மழை இல்லாத வருஷங்களில் வாங்கிய கண்ணுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது தெற்குச் சுவரை ஒட்டி இடுப்பளவு தண்ணீர் நின்றது. பாதி சந்துக்குத் திரும்பி அங்கிருந்த கூரை வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. மீதி ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எங்கோ தூரத்துக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு வடக்கே ஊருணி, மேலே விழுந்த மழை மட்டும் தேங்கிக் குட்டையாகக் கிடந்தது.

வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். கையில் கடப்பாரைகள். முன்னால் உடையப்பன் அம்பலம் நின்றார். பின்னால் பொன்னுத்தாயியும் நாலைந்து பெண்களும்.

“செட்டியாரே, சுவரை உடைக்கணும்,” என்றார் உடையப்பன். “எளவட்டப் பயலுக ராத்திரியே உடைச்சுருவோம்னாங்க. கேக்காமத் தொடக்கூடாதுன்னு நாந்தான் நிப்பாட்டுனேன்.”

“கேட்டுக்கிட்டே நில்லுங்க சித்தப்பா,” என்றான் செம்மலை என்ற இளைஞன். “தண்ணி போயிக்கிட்டே இருக்கு. இது போச்சுன்னா அடுத்த வருசம் வரைக்கும் செரட்டைதான்.”

“நீ சும்மா இருடா.”

மெய்யநாதன் சுவரைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். “இடம் ஆச்சி பேருல இருக்கு. அவளைத்தான் நீங்க கேக்கணும்,” என்றார்.

மரியாதைக்குச் சொன்னாரா, தப்பித்துக்கொள்ளச் சொன்னாரா என்று தேனம்மைக்குப் புரியவில்லை. எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது.

“ஒரு எடத்துல உடைச்சாப் போதுமா அம்பலம்?”

“உள்ள வர்ற தண்ணி வெளிய போகணும்ல ஆச்சி. தெக்கயும் உடைக்கணும், வடக்கயும் உடைக்கணும்.”

“மழை விட்டதும் திரும்பக் கட்டிக்கிறலாமா?”

உடையப்பன் தலைச் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டார். சாக்கிலிருந்து தண்ணீர் அவர் மூக்கு நுனியில் சொட்டியது.

“கட்டிக்கங்கன்னு சொல்லிட்டு உடைச்சிட்டுப் போயிரலாம். பொய்யாப் போயிரும். கட்டுனீகன்னா மறுவருசமும் வந்து நிப்போம்.”

பின்பாதி போயிற்று என்பது தேனம்மைக்கு விளங்கிவிட்டது. வருஷா வருஷம் வெள்ளம் போகிற இடத்தை எவன் விலைக்குக் கேட்பான்? மீனாள் உள்ளறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு நடக்கிறது. இந்தத் தையிலிருந்தே ஜாதகம் கேட்டு ஆள் வரத் தொடங்கிவிடும்.

மெய்யநாதன் தேனம்மையின் பக்கம் குனிந்து, “வேணாம்னா போலீசுக்குப் போகலாம் தேனா. பத்திரம் பக்காவா இருக்கு,” என்றார். குரலில் தெம்பு இல்லை.

“பக்காவாத்தாங்க இருக்கு,” என்றாள் அவள். “போலீசு வந்து நின்னா இவுக கலைஞ்சு போயிருவாக. அப்புறம் நாம இவுகளுக்கு நடுவுலதான குடியிருக்கணும்? அங்க பத்திரம் வச்சிருந்தோம், மனுசர் இல்லாமப் போனாக. அதுக்குள்ள மறந்துட்டீகளா?”

அவர் தலை குனிந்துகொண்டார்.

தேனம்மை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

“உடைங்க அம்பலம். ஆனா பாத்து எடுங்க. முழுக் கல்லா எடுத்து அடுக்குங்க. மீனா கல்யாணத்துக்கு அடுப்புக் கட்டவாச்சும் ஆகும்.”

வடக்குச் சுவரை முதலில் திறந்தார்கள். செம்மலைதான் தெற்குச் சுவரில் முதல் கல்லை நெம்பினான். தண்ணீர் அந்த ஓட்டை வழியே கைத்தடி கனத்தில் பீறியது. பிறகு பக்கத்துக் கற்களைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. எருக்கஞ்செடிகள் சாய்ந்தன. சந்து வீடுகளிலிருந்து தண்ணீர் பின்வாங்கிச் சுவருக்கு வந்து சேர்ந்தது. மெய்யநாதன் கொஞ்ச நேரம் சார்ப்பில் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், செம்மலை எடுத்துக் கொடுத்த கற்களை வாங்கி மேட்டில் அடுக்கினார். கணக்குப் பேனா பிடித்த கை. ஒரு கல்லுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

“நீங்க விடுங்க செட்டியாரே, நாங்க பாத்துக்கிறோம்.”

“நான் வச்ச கல்லுதானப்பா.”

சாயங்காலம் ஊருணிப் படி ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியது. கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தேனம்மைக்கு அழுகை வந்தது. போன நிலத்துக்கா, வந்த தண்ணீருக்கா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மழை விட்ட பின் இருவரும் சார்ப்பில் உட்கார்ந்து அந்தப் பிளவைப் பார்த்தார்கள்.

“என் ஆசைக்குத்தான் வாங்குனோம்,” என்றார் மெய்யநாதன்.

“எனக்கும் ஆசை இருந்துச்சுங்க. அம்பலம் வாயைத் தொறந்து சொன்னாரு. நாமதான் சிரிச்சோம்.”

அவள் தோட்டைக் கழற்றி விற்பதைப் பற்றி யோசித்தாள். அவர் மதுரையில் ஒரு கடையில் கூடுதல் சம்பளத்துக்கு ஆள் கேட்பதைப் பற்றிச் சொன்னார். இரண்டையும் சேர்த்தாலும் கல்யாணத்துக்குப் போதாது என்று இருவருக்கும் தெரியும்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு காலையில் உடையப்பனும் பொன்னுத்தாயியும் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். தேனம்மை பாயை விரித்து, கிண்ணத்தில் கவுனி அரிசி இனிப்பு வைத்துக் கொடுத்தாள். உடையப்பன் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“செட்டியாரே, அன்னிக்குப் பத்திர ஆபீசுல நான் பாதி வாயிலதான் சொன்னேன். அழுத்திச் சொன்னா நீங்க வாங்காமப் போயிருவீகளோன்னு பயம். அப்பக் கெணறு வெட்டுறதுக்குப் பணம் வேண்டியிருந்துச்சு. தண்ணி வராத வருசமாவும் போச்சு. இனி வந்தாப் பாத்துக்கிருவோம்னு இருந்துட்டேன்.”

“முடிஞ்சதை விடுங்க அம்பலம்.”

“விடுறதுக்கு வரலை. உங்க வீட்டுக்கு வடக்க, ரோட்டை ஒட்டி எங்க மாட்டுக் கொட்டம் இருக்குல்ல, அது மேடு. அதை நீங்க எடுத்துக்கங்க. பின்பாதியை ஊருணிக்குன்னு எழுதிக் குடுத்துருங்க. பரிவர்த்தனைப் பத்திரம் போட்டுக்கிருவோம். அளவுல கொஞ்சம் கொறையும். ஆனா ரோட்டு மேல இருக்கு.”

தேனம்மை பொன்னுத்தாயியைப் பார்த்தாள். அந்த மேட்டை அவள் யாருக்கு வைத்திருந்தாள் என்பது தேனம்மைக்குத் தெரியும். கிண்ணமும் குடமும் கை மாறிய நாட்களில் எத்தனையோ தடவை சொன்ன பேச்சு.

“அது உன் மக முத்தழகுக்குன்னு வச்ச எடம்ல பொன்னுத்தாயி?”

“அவளுக்கு ஒக்கூர்ல மாப்பிள்ளை பாத்துருக்கு. அவுகளுக்கு அங்கன நஞ்சை இருக்கு. இங்கன கொட்டத்துல வந்து அவ என்ன செய்யப் போறா?”

“அதுக்குன்னு நீங்க குடுக்கணுமா? நான் வேணும்னு கேட்டேனா?”

பொன்னுத்தாயி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“நீங்க கேக்கலை. அதான் ஆச்சி கஷ்டமா இருக்கு. தெனம் குடத்தை முக்குறப்ப உங்க மக மொகம் தண்ணிக்குள்ள தெரியிது. நீங்க இதை வாங்கலைன்னா அந்தத் தண்ணியை நாங்க எப்படிக் குடிக்கிறது?”

வேண்டாம் என்று சொல்வது தேனம்மைக்கு எளிதாகத்தான் இருந்தது. கொடுத்தவள் என்ற பேர் தனக்கு நிற்கும். வாங்கியவர்கள் என்ற பாரம் அவர்களுக்கு நிற்கும். அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று அவள் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும்; மற்றவர் தோளில் அதை ஏற்றித்தானே பர்மாவில் பிழைத்தார்கள்.

“மாட்டை எங்க கட்டுவே?” என்று கேட்டாள்.

“வீட்டுக்குப் பின்னால கட்டிக்கிறேன்.”

தேனம்மை தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உடையப்பன் மூச்சை விட்டுக் கவுனி அரிசியில் கை வைத்தார். மெய்யநாதன் தொண்டையைச் செருமினார்.

“அம்பலம், அந்த மேட்டுக்கு அங்குட்டு எதுனா தெரு…”

“ஒத்தைத் தெருதான் செட்டியாரே.”

“இல்லை, சும்மாதான் கேட்டேன்,” என்றார். பொன்னுத்தாயிக்கு வாயில் இருந்த வெற்றிலை புரையேறிவிட்டது. தேனம்மைதான் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

பத்திரம் மார்கழிக்கு முன்பே முடிந்தது. எல்லைக்கல் ஊன்றிக் கொட்டத்தைப் பிரித்த அன்று சாயங்காலம், மேய்ச்சல் விட்டு வந்த பொன்னுத்தாயியின் செவலைப் பசு வழக்கப்படி நேராக அந்த மேட்டில் ஏறிப் போய், முளைக்குச்சி இருந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பொன்னுத்தாயி கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அதை எதுக்கு அடிக்கிறே?” என்றாள் தேனம்மை. “மீனா, அந்த முளைக்குச்சி எங்குட்டுக் கெடக்குன்னு பாரு ஆத்தா. பழைய எடத்துலயே அடிச்சு விடு.”

மூன்றாம் வருஷம் மீனாளுக்கு இளையாத்தங்குடியில் இடம் அமைந்து, அந்த மேட்டை விற்கிற வரைக்கும் பசு அங்கேதான் கட்டிக் கிடந்தது.